பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்த வண்டிகள்

பெரிய டூரிங் பைக்குகளை ஒப்பிட்டுப் பேசும் வீடியோக்கள் எங்கள் வீட்டில் நாள் முழுக்க ஓடும். அவற்றில் ஒருவர்கூடப் பின்சீட்டைப் பற்றி உருப்படியாக ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஓட்டுகிறவர் தன் முதுகு, தன் மணிக்கட்டு, தன் முட்டி என்று ஒரு பாட்டம் பேசிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் "பின்னாடி உக்கார்றவங்களுக்கும் வசதியாத்தான் இருக்கும்" என்று முடித்துவிடுவார். யாரைக் கேட்டுச் சொல்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும். பின்னால் உட்கார ஆளில்லாதவர்கள்தான் இந்த வீடியோக்களை எடுக்கிறார்கள் போலிருக்கிறது.

நான் பின்சீட்டுக்காரி. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த நேரம் போக, என் வாழ்க்கையில் நான் அதிகம் உட்கார்ந்த இடம் என் கணவரின் முதுகுக்குப் பின்னால்தான். அந்த உரிமையில் போன வருடம் மூன்று பெரிய வண்டிகளில் ஏறி இறங்கிப் பார்த்தேன். ஒன்று ஜெர்மன் வண்டி, ஒன்று அமெரிக்க வண்டி, ஒன்று ஜப்பான் வண்டி. பெயர்களைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தந்த வண்டியின் பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள். விலையையும் சொல்லமாட்டேன். நினைத்தால் எனக்கே வாய் உலர்கிறது.

பெங்களூர் தொம்மலூரில் பழைய ஊருக்குள், சுற்றிலும் கண்ணாடி ஆபீஸ்கள் எழும்பிவிட்ட ஒரு சந்தில் எங்கள் வீடு. அவர் விமான எஞ்சின் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எஞ்சினை ஓட்டிப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று சொல்கிற பிரிவு. காதில் மாட்டிக்கொள்ளக் கவசம் கொடுப்பார்கள். இவர் அதைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார். "எஞ்சின் இன்னா பேசுதுன்னு கேக்காம எப்டி பாஸ் பண்றது?" என்பார். எஞ்சின்கள் பேசியதையெல்லாம் கேட்டு முடித்து அவர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது, வீட்டில் இருப்பவள் பேசுவதைக் கேட்க அவரிடம் காது மிச்சமில்லை.

முழுச்செவிடு என்று சொல்ல முடியாது. தெருவில் லாரி உறுமினால் கேட்கும். குக்கர் விசிலடித்தால் கேட்காது. நான் பேசினால் ஏதோ பேசுகிறேன் என்பது தெரியும், என்ன பேசுகிறேன் என்பது தெரியாது. ஹைதராபாத்தில் இருக்கும் மகள் வந்து, கூடவே கூட்டிப்போய்க் காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தாள். "தட்டு வெக்கிற சத்தம் தலையில சுத்தியால அடிக்கிறா மாதிரி கீது" என்று சில நாளில் அதைக் கழற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டார். மகள் போனில் பேசினாலும் "ம், ம்" என்று சொல்லிவிட்டு போனை என்னிடம் நீட்டிவிடுவார்.

முதலில் நான் கத்திப் பேசிப் பார்த்தேன். எதைக் கத்திச் சொன்னாலும் அது கோபத்தில் சொன்னது போல ஆகிவிடுகிறது. மழை வரும்போல இருக்கிறது என்பதைக்கூடக் கத்திச் சொன்னால் மனுஷனோடு மல்லுக்கு நிற்பது போலத்தான் இருக்கும். பக்கத்து வீட்டம்மா ஒருநாள் எங்களைச் சமாதானம் செய்துவைக்க வந்துவிட்டார். அன்றோடு கத்துவதை விட்டேன். கத்துவதை விட்டதும் பேச்சும் நின்றது. சாப்பாடு, மாத்திரை, கரண்ட் பில். இவ்வளவுதான் எங்களுக்குள் மிச்சம். இவற்றையும் பாதி ஜாடையில் சொல்லிவிடலாம்.

எனக்கு அவரோடு பேச வேண்டும். இங்கே நான் எழுதுகிற எல்லா வண்டிகளுக்கும் பின்னால் இருந்த ஆசை அது ஒன்றுதான். மற்றவர்களோடு பேச எனக்கு ஒரு குறையும் இல்லை. மெட்ரோவில் பக்கத்தில் உட்கார்கிறவளிடம் இறங்குவதற்குள் அவள் மாமியார் கதை வரைக்கும் கேட்டுவிடுவேன். ஆனால் ஒரு விஷயத்தைப் பார்த்ததும் இதை இவரிடம் சொல்ல வேண்டும் என்று மனது ஓடுகிற இடம் ஒன்று இருக்கிறதே, அது அடைத்துக்கிடந்தது.

அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த மோட்டார் பைக்கில் போகும்போதும் வாயால் பேசியதில்லை. அது போடுகிற சத்தத்தில் பேசவும் முடியாது. அதனால் நாங்கள் தட்டிப் பேசினோம். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதல்ல, போகப் போகத் தானாக அமைந்துவிட்டது. வலது தோளில் ஒரு தட்டு தட்டினால் வலப்பக்கம் பெரிய வண்டி ஏறி வருகிறது என்று அர்த்தம். இடது தோளில் தட்டினால் இடப்பக்கம் எவனோ மூக்கை நுழைக்கிறான். இரண்டு தோளையும் சேர்த்து அழுத்தினால் மெதுவாகப் போகவேண்டும். விலாவில் ஒரு குத்து விட்டால் டீ வேண்டும். நடுமுதுகில் விரலால் தொட்டால், அங்கே பார், எவ்வளவு அழகாக இருக்கிறது. பதிலுக்கு அவர் இடது கையைப் பின்னால் விட்டு என் முட்டியைத் தட்டுவார். பார்த்துவிட்டேன் என்பதும், சரி என்பதும், சும்மா இரு என்பதும் எல்லாம் அந்த ஒரே தட்டில்தான். எது எது என்று எனக்குத் தெரியும்.

அப்படியே சக்லேஷ்பூர் மலைப்பாதையில் போயிருக்கிறோம். கோகர்ணம் வரை போயிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பி, முல்பாகல் போய் தோசை தின்றுவிட்டுத் திரும்புவோம். பெங்களூரில் பைக் வைத்திருக்கிறவர்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு வழிபாடு. நூறு கிலோமீட்டர் கிட்டப் போய் ஒரு தோசை. தொம்மலூரில் தோசைக்கா பஞ்சம்? ஒருமுறை சிக்மகளூரிலிருந்து காலையில் கிளம்பிச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் தட்டிக்கொண்டே வந்தேன். வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவர், "இன்னிக்கு ரொம்ப பேசிட்டோம் இல்ல?" என்றார். அப்படி ஒரு நாள் எனக்கு மறுபடியும் வேண்டும் என்று நான் ஏங்காத நாளில்லை.

மகள் பிறந்தாள், கார் வந்தது. என் முதுகில் டிஸ்க் நகர்ந்ததும் அந்த வண்டியை விற்றுவிட்டோம். காரில் பக்கத்திலேதான் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் காரில் தோளைத் தட்டினால் மனுஷன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். பின்னாலிருந்து தட்டுவது ஒன்று, பக்கத்திலிருந்து தட்டுவது வேறொன்று. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டால் காருக்குள் வரும் அமைதி இருக்கிறதே, அதைப் போல நான் வெறுத்தது வேறில்லை.

அதனால் நானாகத்தான் பேச்சை எடுத்தேன். அவர் வழக்கம்போல வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். கீழே எழுத்து ஓடும், அதனால் அவருக்குக் கவலையில்லை. நான் என் போனில் டைப் செய்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். பார்த்துக்கொண்டே இருப்பானேன், போய் ஒன்றை ஓட்டித்தான் பார்ப்போமே, கடலோரமாகக் கோவாவிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் போகலாம் என்று எழுதியிருந்தேன்.

படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குத்தான் காது கேக்காதே" என்றார். அதை அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, வலது தோளில் ஒரு தட்டு தட்டினேன். வலப்பக்கம் ஏதோ லாரி வருவது போல அவர் உடம்பு தானாக இடப்பக்கம் ஒதுங்கியது. அப்புறம் இருவரும் சிரித்தோம்.

மகளுக்கு விஷயம் போனதும் போனில் குதித்தாள். "அப்பாக்கு ஹார்னே கேக்காதும்மா! ரெண்டு பேருக்கும் இன்னா ஆச்சு?"

"பெங்களூர்ல ஹார்ன் கேக்கறவன் மட்டும் வழி விட்டுட்றானா?" என்றேன்.

அவள் ஓயவில்லை என்பதால் காது டாக்டரிடமே போய்க் கேட்டோம். கண் நன்றாக இருக்கிறது, கண்ணாடியைப் பார்த்து நிதானமாக ஓட்டட்டும், ஆனால் தனியாக மட்டும் போகவேண்டாம் என்றார் டாக்டர். தனியாகப் போவதற்கா இத்தனை பாடு?

ஆக, வண்டியில் அவருக்குக் காது நான்தான். என் கைதான். எந்த வண்டியாக இருந்தாலும் பின்சீட்டிலிருந்து என் கை அவர் தோளை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அவரால் ஓட்ட முடியாது, எங்களால் பேசவும் முடியாது. என் ஒப்பீட்டுக்கு இருந்த ஒரே சட்டம் இதுதான். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்கு வந்திருப்பார்.

முதலில் ஜெர்மன் வண்டி. அதில் ஏறுவதே ஒரு தனி வித்தை. இரண்டு பக்கமும் பெட்டிகள் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. கால்மிதியில் ஏறி நின்று, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, மறுகாலைப் பெட்டிக்கு மேலாகத் தூக்கிப் போடவேண்டும். சேலை கட்டியிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். நல்லவேளையாகச் சுடிதார் போட்டுக்கொண்டு போயிருந்தேன். விற்பனைக்காரர், "சீட்டுக்கு ஹீட்டர் இருக்கு மேடம், பின்னாடியும் தனியா" என்றார். இட்லிப் பானை மேல் உட்கார எனக்கு ஆசையில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆனால் ஓட ஆரம்பித்ததும் அந்த வண்டியின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. ரோட்டுக் குழிகளை அது எங்களுக்குச் சொல்லாமலே விழுங்கியது. எஞ்சின் ஓடுகிறதா என்று சந்தேகம் வருகிற மாதிரி ஒரு மென்மை. பின்சீட் முன்சீட்டைவிட உயரம். அவர் தலைக்கு மேலாக ரோடு முழுதும் எனக்குத் தெரிந்தது. கையை நீட்டினால் தோள். ஹெப்பால் பக்கம் வலப்பக்கமாக ஒரு டெம்போ முட்டிக்கொண்டு வந்தது. தட்டினேன். ஒதுங்கினார். இடது கை பின்னால் வந்து என் முட்டியைத் தட்டியது. எத்தனை வருடம் கழித்து!

குறை என்னவென்றால், அந்தச் சீட் பலகை மாதிரி. முட்டியை மடக்கி வைத்துக்கொண்டே உட்கார வேண்டும். போகும்போது இடுப்பு முணுமுணுத்தது, திரும்பும்போது கத்தியது. ஷோரூம் வாசலில் என்னை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "இதுல நீ கோவா வரைக்கும் வந்து சேர மாட்டே" என்றார். நான் வலிக்கவே இல்லை என்று தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன். நொண்டிக்கொண்டே ஆட்டினால் யார் நம்புவார்கள்?

அடுத்தது அமெரிக்க வண்டி. உட்கார்ந்ததும் ஆகா என்றேன். சீட் இல்லை அது, சோபா. கால் வைக்க அகலமான பலகை, முட்டியை நீட்டி உட்காரலாம், முதுகுக்குச் சாய்மானம். கையும் எட்டியது. இதுதான் நம் வண்டி என்று ஏறிய மாத்திரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டேன். சிக்னலில் நின்றபோதுதான் தொடைக்குப் பக்கத்தில் யாரோ அடுப்பு மூட்டியது தெரிந்தது. அமெரிக்காவில் சிக்னலே கிடையாதோ என்னவோ. நம் ஊரில் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தானே ஜாஸ்தி? அதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

அன்று அந்த ஷோரூமில் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு ஜாக்கெட் மாட்டிவிட்டிருந்தார்கள். தோளிலும் முதுகிலும் உள்ளே கெட்டியான அட்டை வைத்துத் தைத்தது. விழுந்தால் அடிபடாது. தட்டினாலும் தெரியாது. அது எனக்கு ரோட்டில்தான் விளங்கியது. இடப்பக்கம் ஒரு பஸ் வந்தது. இடது தோளில் தட்டினேன். அவர் பாட்டுக்குப் போனார். வண்டி வேறு அதிர்கிற அதிர்வில் என் தட்டு அவருக்கு எப்படி உறைக்கும்? பலமாகத் தட்டினேன். இல்லை. பளார் பளார் என்று அறைய ஆரம்பித்தேன். பஸ் உரசுகிற மாதிரி எங்களைக் கடந்து போனபோதுதான் அவருக்கே அது தெரிந்தது. பின்னால் இன்னொரு பைக்கில் வந்துகொண்டிருந்த விற்பனைக்காரர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து, "மேடம், ஸ்வல்ப சமாதானம் மாடிக்கொள்ளி, சார் மேல இன்னா கோபம்?" என்றார். பாவம், புருஷனை நடுரோட்டில் அடிக்கிற பெண்பிள்ளை என்று நினைத்துவிட்டார்.

அந்தக் கதையைச் சொல்லி மகளைச் சிரிக்க வைத்தேன். பஸ்ஸை மட்டும் சொல்லவில்லை. அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நீ தட்டினது எனக்குத் தெரியவே இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உன்னை வெச்சிக்கிட்டு எனக்கு இந்த வேலை வேணாம். விட்டுடலாம்" என்றார். ஜாக்கெட்டைப் போடாமல் ஓட்டலாம் என்று எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் வீடியோ ஓடவில்லை. மழைக்காலம் வந்தது. அவர் காலையில் பேப்பர் படிப்பார், மத்தியானம் தூங்குவார், சாயங்காலம் மாடியில் போய் நின்று ஆபீஸ் விட்டுப் போகிறவர்களின் வண்டிகளைப் பார்ப்பார். அந்த வீடியோக்களை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! மணிக்கட்டு, முட்டி என்று யாராவது பேசமாட்டார்களா என்று இருந்தது. நான்தான் அவருக்கு ஆசை காட்டினேன், நான் காட்டிய ஆசையே அவர் பயத்தையும் அவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது. பேச்சை மீட்கப் போனவள், இருந்த சிரிப்பையும் தொலைத்துவிட்டு வந்தேன்.

மழை விட்டதும் நான் மறுபடியும் எழுதி நீட்டினேன். ஜப்பான் வண்டியை மட்டும் பார்த்துவிடலாம், அதுவும் சரியில்லையென்றால் இனி இந்தப் பேச்சே எடுக்கமாட்டேன் என்று. நான் பேச்சை விடுவேன் என்பதை நம்பியா வந்தார் என்று தெரியவில்லை. வந்தார்.

அந்த ஷோரூம் கே.ஆர். புரம் தொங்குபாலத்தைத் தாண்டி, பழைய மெட்ராஸ் ரோட்டில் இருந்தது. விற்பனைக்காரர் கோலார் பக்கத்துக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து இனிமையாகப் பேசினார். வண்டியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வராத குறை. அது பைக்கே இல்லை. சின்னதாக ஒரு வீடு. பின்னால் நகர்த்துவதற்கு ரிவர்ஸ் கியர் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பின்சீட்டில் சாய்வுநாற்காலி மாதிரி முதுகுக்கு மெத்தை, இரண்டு பக்கமும் கை வைத்துக்கொள்ளத் திண்டு, காதுக்குப் பக்கத்தில் பாட்டுப் பெட்டி.

"நிதானவாகி மேடம், நிதானவாகி" என்று அவர் கைகொடுத்து ஏற்றிவிட்டார். உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வீட்டு நாற்காலி எதுவும் என் முதுகை அப்படித் தாங்கியதில்லை. இடுப்பு, முட்டி, பிடரி, எல்லாம் ஒரே நேரத்தில் வாய் மூடின. காஷ்மீர் வரைக்கும் போகலாம். "ராணி மாதிரி இருக்கீங்க மேடம்" என்றார் அவர்.

ராணி கையை நீட்டிப் பார்த்தாள். தோள் எட்டவில்லை. சாய்மானத்தை விட்டு முன்னால் வந்து, இடுப்பை வளைத்து, விரலை நீட்டினால் அவர் சட்டையின் நுனி தட்டுப்படுகிறது. ஓடுகிற வண்டியில் அப்படி எத்தனை நேரம் தொங்கிக்கொண்டு வரமுடியும்? வசதி செய்கிறேன் என்று எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு அடி இடத்தைப் போட்டுவைத்திருந்தார்கள். முடிந்தது என்று நினைத்தேன். மூன்றும் பார்த்தாகிவிட்டது. இனி காரும், கரண்ட் பில்லும்தான். இறங்கிவிடலாம் என்று பார்த்தால் அவர் முன்னால் உட்கார்ந்து ஆக்சிலேட்டரைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் பார்த்தபிறகு இறங்க மனசு வரவில்லை. ஒருதரம் ஓட்டட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

விற்பனைக்காரர் இரண்டு ஹெல்மெட் கொண்டுவந்தார். "இதுல மைக், ஸ்பீக்கர் எல்லாம் இருக்கு மேடம். நீங்களும் சாரும் பேசிட்டே போலாம்."

"சாருக்குக் காது கேக்காதுங்க" என்றேன்.

"ஃபுல் வால்யூம்ல வெச்சிடறேன். நோடோணா" என்றார் அவர், பார்க்கலாமே என்கிற மாதிரி. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாட்டு கேட்கிறவர்களுக்கான சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன். ரோடு சுலபம்தான், ஹொசகோட்டைப் பக்கம் நேராகப் போய், முதலில் வருகிற யூ-டர்னில் திரும்பி வந்துவிட வேண்டும், தான் பின்னாலேயே வருவேன் என்றார். அதை அவருக்கு நான் விரலால் வளைத்துக் காட்டினேன். தலையாட்டினார்.

வண்டி கிளம்பியது தெரியவில்லை. ரோடு எங்களுக்குக் கீழே தானாகப் பின்னால் போனது. அவர் மிக மெதுவாக ஓட்டினார். தோளை இறுக்கி வைத்திருந்தார். பஸ்ஸை அவர் மறக்கவில்லை என்று அந்தத் தோளைப் பார்த்தாலே தெரிந்தது. கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே போனார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அப்போது வலப்பக்கம் மண் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று வந்தது. பழக்கத்தில் கை எழுந்தது, எட்டவில்லை. பயத்தில் வாய்விட்டு, "ஐயோ, லாரி வருது" என்றேன். அவருக்குச் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லும் பழக்கம்தான் போய்விட்டதே. கடவுளுக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்று என் காதுக்குள் அவர் குரல் கேட்டது.

வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது. லாரி போய்விட்டது.

"இன்னாங்க" என்றேன். கத்தவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரி, சின்னதாக. "நான் பேசுனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சே."

"இப்பவும் கேக்குதா?"

"கேக்குது. வேற ஒண்ணும் கேக்கல, நீ பேசறது மட்டும் கேக்குது."

அவர் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கல்யாண மண்டபம், வரிசையாக டயர்க் கடைகள், எல்லாம் போயின. கடைசியில் அவர்தான் பேசினார்.

"உன் குரல் ஏன் இப்டி ஆயிடுச்சு?"

"எப்டி ஆயிடுச்சு?"

"தெரியல. கொஞ்சம் கரகரன்னு. முன்னாடி இப்டி இருக்காதே."

எனக்கு வயதானதில் தலை நரைத்ததை அவர் பார்த்திருக்கிறார். கண்ணாடி போட்டதைப் பார்த்திருக்கிறார். பல் கட்டியபோது கூட வந்திருக்கிறார். குரல் வயதானது மட்டும் அவருக்குத் தெரியாது. அத்தனை வருடமும் அவர் மனதுக்குள் நான் பழைய குரலில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் குரலை இன்று நான் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது போல இருந்தது.

"உங்களுக்குத் தெரியாம கிழவி ஆயிட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு என் காதுக்குள் கேட்டது. ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைக்க வழியில்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன். மூக்கு வேறு ஒழுகியது. மைக் வாய்க்கு நேரே இருந்தது, அவருக்கு எல்லாமே கேட்டிருக்கும்.

"அழாதே. ஏதாவது பேசு" என்றார்.

பேசுவதற்கா விஷயமில்லை? அத்தனை வருடத்துப் பேச்சு உள்ளே மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மகளைப் பற்றி, என் தங்கையோடு போட்ட சண்டை பற்றி, பக்கத்து வீட்டம்மா சொன்னது, முதுகைக் காட்ட ஆஸ்பத்திரியில் தனியாக உட்கார்ந்திருந்தபோது நினைத்தது. இத்தனையும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. கண்ணுக்கு எதிரே தெரிந்த கடைப் பலகையைப் படித்தேன்.

"பழைய டயர் வாங்கப்படும்."

"ம்" என்றார்.

"இளநீர். ஆந்திரா ஊட்டா, சாப்பாட்டுக் கடை. கிரானைட் கல். வீட்டு மனை விற்பனைக்கு, பேங்க் லோன் கிடைக்கும்."

"இந்தப் பக்கம் எல்லாம் மனை போட்டுட்டானா?" என்றார்.

"போட்டுட்டானுங்க. ஏரி இருந்த இடத்துல பாருங்க, இடதுபக்கம். கண் ஆஸ்பத்திரி. குதிரைலாடம் அடிக்கிறவன் ஒருத்தன் இன்னும் இருக்கான் பாருங்களேன், போர்டு வெச்சிருக்கான். மோர் கிடைக்கும். பஞ்சர். பஞ்சர். இன்னொரு பஞ்சர்."

அவர் மறுபடியும் சிரித்தார். வண்டி சற்று வேகமெடுத்தது. கன்னடத்தில் இருந்ததைக் கன்னடத்திலேயே படித்தேன், தமிழில் விளக்கமும் சொன்னேன், என் சொந்த அபிப்பிராயத்தையும் சேர்த்தேன். குரல் கரகரத்தால் கரகரக்கட்டும். என் இரண்டு கையும் அந்தத் திண்டுகளின் மேல் சும்மா கிடந்தன. அவற்றை நான் மறந்தே போயிருந்தேன்.

"யூ-டர்ன் வந்தா சொல்லு" என்றார்.

சொல்கிறேன் என்றேன். பச்சைப் பலகையில் வளைந்த அம்புக்குறி தூரத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் கோலார் என்று நேராகப் போகிற அம்புக்குறி. திரும்பினால் ஷோரூம், ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, தொம்மலூர். அம்புக்குறி பக்கத்தில் வந்தது. ரோடு நடுவே திரும்புகிற இடைவெளி வந்தது. நான் எதிர்ப்பக்கம் பார்த்து, "ரெடிமேட் ஜன்னல், கதவு" என்று படித்தேன். இடைவெளி பின்னால் போய்விட்டது.

"இன்னும் வரலியா?" என்றார்.

"இன்னும் வரலங்க" என்றேன்.

பின்னால் விற்பனைக்காரர் ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார். அது இரண்டு கண்ணாடியிலும் பளிச்பளிச்சென்று அடித்தது. அவருக்குக் காதுதான் கேட்காது, கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணாடியை ஒருமுறை பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"சரி," என்றார், "அப்புறம் இன்னா போட்டிருக்கான், படி."